ஒரு நாள் விருந்து, ஒரு வருடக் கடன்: நூறு பேருக்கு வீட்டிலேயே சமைப்பது எப்படி?

போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கொண்டாட்டங்களின் முகம் மாறிவிட்டது. முற்றத்தில் பந்தல் போட்டு, பாய் விரித்து, வாழையிலையில் பந்தி வைத்த ஊர்களில் இன்று மண்டபம், மேடை அலங்காரம், வீடியோ, பஃபே மேசை என்று ஒரு வரிசை வந்து நிற்கிறது. வெளிநாட்டில் உழைக்கும் உறவுகள் உள்ள குடும்பங்களுக்கு இது தாங்கக்கூடிய செலவாக இருக்கலாம். ஆனால் கணவரை இழந்து, அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டே, கூலி வேலைக்குப் போய் மகளை வளர்த்த ஒரு தாய் அதே ஊரில்தான் இருக்கிறார். அவருடைய வீட்டிலும் ஒரு சாமத்திய வீடு வருகிறது. கட்டி முடித்த வீட்டுக்குக் குடிபூரல் வருகிறது. ஊர் வாயை மூட வேண்டும் என்று காதில் கிடப்பது அடகுக்குப் போகிறது. அடகு வைக்க ஒன்றும் இல்லாவிட்டால் நுண்நிதிக் கடன்.

அந்தக் கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பது எங்களுக்குத் தெரியாத கதை இல்லை. 2018 இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அதே ஆண்டில் நுண்நிதிக் கடனுக்கான வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்ச எல்லையும் அறிவிக்கப்பட்டது. அந்த உச்ச வீதத்திலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு இலட்சம் ரூபாவை ஒரு வருடம் கட்டாமல் வைத்திருந்தால் வட்டி மட்டும் 35,000 ரூபா. மூன்று மணித்தியாலத்தில் முடிந்துபோன ஒரு மதியச் சாப்பாட்டுக்கு அது மிகப் பெரிய விலை.

வந்தவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடுவது எங்கள் மரபு. அதை விட்டுவிடச் சொல்லி யாரும் கேட்க முடியாது. கேட்கவும் கூடாது. உண்மையில் கடனில் தள்ளுவது சோறும் கறியும் அல்ல. எத்தனை பேர், எவ்வளவு அரிசி என்று எண்ணாமல் ‘தலைக்கு இவ்வளவு’ என்று மொத்தமாகப் பேசிவிடுவதுதான் தள்ளுகிறது. வீட்டு முற்றத்தில், அயலவர் துணையோடு, அளந்து சமைத்தால் கடன்படாமலே நூறு பேரை நிறைவாகச் சாப்பிட வைக்கலாம். எப்படி என்பதைக் கீழே பார்ப்போம்.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

எங்கள் ஊர்களில் அழைப்பு வீட்டுக்குத்தான் சொல்லப்படுகிறது, ஆளுக்கு அல்ல. ‘வீட்டோடு வாங்கோ’ என்று சொன்ன நாற்பது வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்பதில்தான் முதல் பிழை நடக்கிறது. பயத்தில் இருநூறு என்று வைத்துக்கொள்கிறோம்.

ஒரு கொப்பி எடுங்கள். அழைத்த ஒவ்வொரு வீட்டின் பெயருக்கும் எதிரே பெரியவர் எத்தனை, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை என்று எழுதுங்கள். பெரியவர் ஒருவர் ஓர் அளவு, பிள்ளை அரை அளவு. 84 பெரியவர்களும் 32 பிள்ளைகளும் என்றால் வருவது 116 பேர், ஆனால் சமைக்க வேண்டியது 100 அளவு. சமையலுக்கும் பந்தலுக்கும் நிற்பவர்களை இதில் சேர்க்க மறக்காதீர்கள். அவர்கள் கடைசியாகச் சாப்பிடுபவர்கள். சாப்பாடு முடிந்துபோனால் பட்டினி கிடப்பதும் அவர்கள்தான்.

கொண்டாட்டத்துக்கு மூன்று நாள் முன்னர் ஒருமுறை தொலைபேசியில் கேட்டு அந்தக் கணக்கைத் திருத்துங்கள். வர முடியாதவர்கள் சொல்லிவிடுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நூறு அளவுக்கு எவ்வளவு?

சந்தை விலை கிழமைக்குக் கிழமை மாறுகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரை போனதை அனுபவித்தவர்கள் நாங்கள். ஆகவே இங்கே விலையை எழுதவில்லை, அளவை எழுதுகிறேன். பக்கத்தில் உங்கள் சந்தையின் அன்றைய விலையை நீங்கள் எழுதிப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு மச்சச் சாப்பாட்டுக்கான கணக்கு இது:

அரிசி – 12 கிலோ
மைசூர்ப் பருப்பு – 3 கிலோ
கத்தரிக்காய் – 7 கிலோ
பூசணிக்காய் – 8 கிலோ
வறைக்குக் கோவா – 5 கிலோ
கோழி (சுத்தம் செய்து வெட்டியது) – 13 கிலோ
கோழிக்கறிக்குள் போட உருளைக்கிழங்கு – 4 கிலோ
வெங்காயம் – 4 கிலோ
தேங்காய் – 25
அப்பளம் – 200
எண்ணெய் – 3 லீற்றர்
பாயாசத்துக்குச் சவ்வரிசி 1 கிலோ, சீனி 2 கிலோ

அரிசியைச் சுண்டால் அளப்பவர்கள் ஒரு சுண்டை ஏறக்குறைய 200 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது இரண்டு பேருக்கு ஒரு சுண்டுக்குச் சற்றுக் கூட. ஆனால் சுண்டுப் பேணிகள் சிறிதும் பெரிதுமாக இருப்பதால், கடைத் தராசில் உங்கள் பேணியை ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நல்லது. வயல் வேலை, கடல் தொழில் செய்யும் ஆண்கள் அதிகம் வரும் ஊர் என்றால் அரிசியை 14 கிலோ ஆக்குங்கள்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் அதிகம் செலவாவது கோழிதான். அடுத்தது தேங்காய். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் இந்த இரண்டிலும்தான் கை வைக்க வேண்டும். மரக்கறியில் ஒன்றைக் குறைத்து மிச்சம் பிடிப்பது சிறிய தொகை, மேசையும் வெறுமையாகத் தெரியும்.

கோழியை ஒரு கிலோவுக்கு 25 முதல் 30 துண்டு வருமாறு வெட்டச் சொல்லுங்கள். 13 கிலோவில் முந்நூறுக்கு மேல் துண்டுகள் வரும். ஆளுக்கு மூன்று துண்டும் ஒரு கிழங்குத் துண்டும் போதும். வாங்கும்போது உயிர்நிறையா, சுத்தம் செய்த நிறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இறகு, குடல், தலை கழிந்த பிறகு நிறை கணிசமாகக் குறைந்துவிடும்.

சைவச் சாப்பாடாக வைத்தால் செலவு இன்னும் இறங்கும். கோழிக்குப் பதிலாக 4 கிலோ கடலைக் குழம்பும் ஒரு வடையும் வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவ்வளவு வடை சுட ஆள் இல்லையா? பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகம் போன்ற இடங்களில் வடையை மட்டும் சொல்லி எடுக்கலாம். எல்லாவற்றையும் வீட்டில் செய்தே தீர வேண்டும் என்று இல்லை. கை போகாத ஒன்றை மட்டும் வெளியில் வாங்குங்கள்.

தேங்காயில் மிச்சம் பிடிக்கும் வழி, ஒரே துருவலை மூன்று முறை பிழிவது. முதற்பாலைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் பருப்பும் பூசணியும் அவியட்டும். முதற்பாலை இறக்குவதற்குச் சற்று முன்னர் பிரித்து விடுங்கள். ஒவ்வொரு கறிக்கும் தனித்தனியே தேங்காய் உடைக்கும்போதுதான் இருபத்தைந்து நாற்பது ஆகிறது.

நாளைத் தெரிவு செய்ய வழி இருந்தால் அதையும் பாருங்கள். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்த கையோடு வன்னியில் அரிசியை வயல்காரரிடமே வாங்கலாம். நல்ல முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும் கிழமைகளில் கோழியும் மரக்கறியும் விலை ஏறி நிற்கும். தேங்காய்க்குக் கொடிகாமம், மரக்கறிக்கு மருதனார்மடம் என்று சந்தைக்கே போய் வாங்குவது, மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு முச்சக்கர வண்டியில் போனால் கட்டுபடியாகும். ஒரு கிலோ இரண்டு கிலோ வாங்குபவர் என்றால் ஊர்க் கடையே போதும்.

கிடாரமும் அடுப்பும்

பெரிய பாத்திரங்களை வாடகைக்கு எடுக்க முன்னர் ஊரில் கேளுங்கள். மரண உதவிச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம், கோயில் மடம் ஆகியவற்றில் எங்காவது ஓர் இடத்தில் கிடாரம், தாச்சி, நீளக் கைபிடி அகப்பை, கதிரை, பந்தல் தகரம் இருக்கும். அங்கத்தவர்களுக்குச் சிறு தொகைக்குத் தருவார்கள். எடுக்கும்போது எண்ணி எழுதி, கொடுக்கும்போது கழுவிக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்கும் அது கிடைக்கும்.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிற்றோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபா ஆனதிலிருந்து பெரிய சமையலைக் காஸில் செய்வதைப் பலர் கைவிட்டுவிட்டார்கள். முற்றத்தில் மூன்று கல் அடுப்பு நான்கு போதும். விறகோடு ஊமல், பொச்சு, பனை மட்டை, தென்னம்மட்டை ஆகியவற்றை ஒரு மாதமாகச் சேர்த்து, நனையாமல் மூடி வைத்தால் எரிபொருள் செலவு மிகவும் குறையும். ஒரு எச்சரிக்கை: அண்மையில் விடுவிக்கப்பட்ட காணி என்றால் நிலத்தைத் தோண்டிக் குழி அடுப்பு வெட்ட வேண்டாம். பழகிய, மிதித்த நிலத்தில் கல் வைத்து மூட்டுங்கள். இந்த மண்ணில் என்ன கிடக்கிறது என்று எங்களை விட வேறு யாருக்குத் தெரியும்?

எப்போது எதைச் செய்வது

மதியம் 12.30 க்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் மாலை வெங்காயம், உள்ளி உரிப்பது, அரிசி பருப்பில் கல் பொறுக்குவது, பாத்திரம் கழுவுவது, குடிதண்ணீர் கொதிக்க வைத்து ஆறவிடுவது. இவ்வளவுதான். கத்தரிக்காயை இரவே வெட்டினால் கறுத்துவிடும். கோழியும் காலையில்தான் வர வேண்டும்.

காலை 6 மணிக்குத் தேங்காய் துருவல், மரக்கறி வெட்டு. 8.30 க்குக் கோழி அடுப்பில் ஏறட்டும். வெந்த பிறகு அதை இறக்காமல் தணலிலேயே வைத்திருங்கள். 10 மணிக்குப் பருப்பும் பூசணியும், 10.45 க்குக் கத்தரிக்காய், 11 மணிக்குப் பாயாசம், 11.15 க்கு வறை. அதே நேரத்தில் சோற்றுக்கு உலை வைத்து, 11.30 க்கு அரிசி போடுங்கள். கடைசியாக அப்பளம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 12 கிலோ அரிசியையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். முதலில் 9 கிலோ. மிச்சம் 3 கிலோவைப் பொறுக்கி, அளந்து, பக்கத்தில் வையுங்கள். ஒரு சிறிய கிடாரத்தில் தண்ணீர் கொதித்தபடி இருக்கட்டும். 12.45 க்குச் சனத்தைப் பார்த்துத் தேவை என்றால் கழுவிப் போடுங்கள். அரை மணி நேரத்தில் சோறு தயார். சனம் குறைவென்றால் அந்த 3 கிலோ அரிசி அரிசியாகவே வீட்டில் மிஞ்சும். சமைத்த சோறு மிஞ்சினால் குப்பைக்கோ மாட்டுக்கோதான் போகும்.

பஃபே மேசையை எப்படி அடுக்குவது?

பஃபே என்றால் பணக்கார ஏற்பாடு என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பந்திக்கு வேண்டிய பரிமாறும் ஆட்கள் இதற்குத் தேவையில்லை என்பதால் ஆள் பலம் குறைந்த வீட்டுக்கு இது உண்மையில் வசதியானது. கவனிக்காவிட்டால் முதலில் வந்த முப்பது பேரோடு கோழி முடிந்துவிடும். அதுதான் இதிலுள்ள ஆபத்து.

மேசையைச் சுவரோடு ஒட்டாமல் நடுவில் போட்டு, இரு பக்கமும் வரிசை போக விடுங்கள். காத்திருக்கும் நேரம் பாதியாகும். பிளேற்றுக்கு அடுத்து சோறு, பிறகு பருப்பு, பூசணி, கத்தரிக்காய், வறை, அப்பளம். கோழி கடைசியில். அங்கே வரும்போது பிளேற்றில் இடம் குறைந்திருக்கும். கோழிக்கும் அப்பளத்துக்கும் மட்டும் ஓர் ஆளை நிறுத்திப் பரிமாறச் செய்யுங்கள். அவர் ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒரு மாமியாகவோ பெரியம்மாவாகவோ இருந்தால் யாரும் கரண்டியைப் பறிக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரு முறை சாப்பிட்ட பிறகு மிச்சமிருப்பதை அவரே திரும்பக் கேட்டுக் கேட்டுப் போடட்டும். விருந்து குறைவாகத் தெரியாமல் நிறைவாகத் தெரிவது அந்த இரண்டாம் முறை உபசரிப்பில்தான்.

எழுந்து வரிசையில் நிற்க முடியாதவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கால் இழந்தவர்கள், கண் பார்வை இழந்தவர்கள், உடம்பில் செல் துண்டு கிடப்பவர்கள், முதியவர்கள். பஃபே வரிசை அவர்களைச் சங்கடப்படுத்தும். வரிசை தொடங்க முன்னரே அவர்களுக்கு இருந்த இடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக இரண்டு இளம்பிள்ளைகளை ஒதுக்கிவிடுங்கள்.

லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 இலேயே தடை செய்யப்பட்டவை. ஒரு முறை பாவிக்கும் பிளாஸ்ரிக் பிளேற், கரண்டி போன்றவற்றுக்கும் 2023 ஒக்டோபரிலிருந்து தடை உண்டு. சங்கத்தின் எவர்சில்வர் பிளேற்றில் வட்டமாக வெட்டிய வாழையிலையைப் போட்டால் கழுவும் வேலை குறையும், கடைச் செலவும் இல்லை.

குளிர்பானப் போத்தல்களுக்குப் பதில் தேசிக்காய்த் தண்ணி கரைத்து வையுங்கள். எங்கள் வெயிலுக்கு அதுதான் சரி.

பழுதாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

வீட்டுச் சமையலில் மிச்சம் பிடித்த பணத்தை ஒரு வயிற்றோட்டம் தின்றுவிடக் கூடாது. சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம், பரிமாறும் வரை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எங்கள் முற்றத்தில் அதற்கு வழி தணல்தான். மேசைக்குச் சிறிது சிறிதாக எடுங்கள். மிச்சம் கிடாரத்தில் தணலில் இருக்கட்டும். மேசையில் இருந்த மிச்சத்தோடு புதிய கறியைக் கலக்காதீர்கள்.

இரவே சோறு சமைத்து வைக்கும் பழக்கம் வேண்டாம். ஆறிய சோற்றில் பெருகும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கோழி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் மரக்கறிக்கு எடுக்கக் கூடாது. கை கழுவச் சவர்க்காரமும் தண்ணீரும் மேசைக்குப் போகும் வழியிலேயே இருக்கட்டும். மிஞ்சும் சாப்பாட்டைப் பின்னேரம் வரை வைத்திருக்காமல், சூடு ஆற முன்னர் அயல் வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆட்களுக்கு எங்கே போவது?

நூறு பேருக்குச் சமைக்க ஆறு பேர் வேண்டும். கிடாரம் தூக்க, விறகு கொத்த, தண்ணீர் அள்ள இரண்டு ஆண்கள். சோற்றுப் பானையை இறக்குவது பெண்கள் தனியே செய்யும் வேலை இல்லை. தீக்காயங்கள் நடப்பது அந்த இடத்தில்தான்.

இந்தக் கைவேலை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. செல்வச்சந்நிதியை அன்னதானக் கந்தன் என்று சொல்லும் மண் இது. கோயில் மடங்களில் கிடாரச் சமையல் பழகியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இடம்பெயர்ந்த நாட்களிலும் முகாம்களிலும் பொது அடுப்பில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்த பெண்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். இத்தனை தலைக்கு இத்தனை சுண்டு என்று கண்ணாலேயே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். இல்லாமைக்குள் கற்ற அந்தக் கணக்கைக் கொண்டாட்டத்துக்கும் கேட்டு வாங்குங்கள். அவர்களைத் தலைமைச் சமையலுக்கு அழைத்து, உரிய மரியாதையும் கூலியும் கொடுங்கள்.

மற்றவர்கள் கைமாற்றாக வரலாம். இன்று உங்கள் வீட்டுக்கு வந்த ஐந்து பேருடைய பெயரையும் அந்தக் கொப்பியிலேயே எழுதுங்கள். அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது நீங்கள் போக வேண்டும். பணமாகக் கிடைத்த அன்பளிப்பை எழுதி வைப்பது போலத்தான் இதுவும். ஒரே பெண்ணே ஊரில் எல்லா வீட்டுக்கும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் அது கைமாற்று இல்லை, சுரண்டல்.

கடைசியாக ஒரு கணக்கு. எல்லாம் முடிந்த அன்றிரவு கொப்பியில் மூன்று விடயங்களை எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எது மிஞ்சியது, எது போதாமல் போனது. அடுத்த மாதம் பக்கத்து வீட்டில் ஒரு சாமத்திய வீடு வரும்போது அந்தக் கொப்பியைக் கொடுங்கள். அடகுக் கடைக்குப் போக இருந்த ஒரு சோடித் தோடு, அந்தப் பிள்ளையின் காதிலேயே இருக்கக்கூடும்.